இரண்டு நாள், இரண்டு பேர், ஒரு கமரா: யாழ்ப்பாணம் வருவோர் கேட்டவை

யாழ்ப்பாணத்துக்குச் சோடியாக வந்து, ஊரும் பார்த்துப் படமும் எடுத்துப் போக விரும்புவோரின் கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பஸ், படகுக் கட்டணங்களும் நேரங்களும் அடிக்கடி மாறுவதால் அவற்றை இங்கே அச்சிடவில்லை. முதல் நாள் இரவே தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஆறு மாதம். வெள்ளி இரவு கண்டியில் பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். கோட்டை, நூலகம், நல்லூர், நயினாதீவு, நெடுந்தீவு, கீரிமலை, பருத்தித்துறை எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? 18–55 லென்ஸ் உள்ள கமரா இருக்கிறது.
– புதுமணத் தம்பதியர், கண்டி

பதில்: ஓடி ஓடிப் பார்க்கலாம். நல்ல படம் ஒன்றும் கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் படத்துக்கு உதவும் வெளிச்சம் காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் ஒன்றரை மணித்தியாலம். தை மாதத்தில் சூரியன் 6.30 அளவில் எழும்பி 6.10 அளவில் மறையும். ஆனியில் 5.50க்கு உதயம், 6.30க்கு மறைவு. இடையில் உள்ள வெயில் தலைக்கு மேலே நிற்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் கடைசி வாரத்திலும் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் எடுத்தால் கண்குழியிலும் மூக்கின் கீழும் கறுப்பு விழும், கட்டடங்கள் தட்டையாகத் தெரியும்.

ஆகவே உங்களிடம் இருப்பது நான்கு பொழுதுகள். ஒரு பொழுதுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனி விடியற்காலை வந்து இறங்கியதும் அறை கிடைக்காது. பெரும்பாலான தங்குமிடங்கள் மதியத்துக்குப் பிறகுதான் அறை தரும். பையை வைத்து முகம் கழுவ இடம் தருவார்களா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். நல்லூர்ப் பக்கம் தங்கினால் கோயிலுக்கு நடந்தே போகலாம். கோயில் கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயில் வாசற் கோபுரத்தில் நேரே விழும். 8 மணிக்குள் அதை முடித்துக்கொண்டு முத்திரைச் சந்திப் பக்கம் போங்கள். சங்கிலியன் சிலை, சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி எல்லாம் அந்தச் சுற்றில்தான் இருக்கின்றன. சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் இன்னும் நல்லது. ஒழுங்கைகளுக்குள் ஆட்டோவில் போனால் ஒன்றும் கண்ணில் படாது. மந்திரிமனை நலிந்த கட்டடம், வெளியே நின்று எடுத்தால் போதும். தூணோடு சாய்ந்து நிற்பதும் மாடிக்கு ஏறுவதும் வேண்டாம்.

10 மணிக்குக் கமராவைப் பையில் வைத்துவிடுங்கள். சாப்பாடு, குளிப்பு, நித்திரை. இரவுப் பஸ்ஸில் வந்தவர்கள் இந்த நித்திரையைத் தவறவிட்டால் மாலையில் முகத்தில் தெரியும்.

பின்னேரம் நூலகம், அதன் பிறகு நடக்கிற தூரத்தில் உள்ள கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐந்து முனை நட்சத்திரமாக விரித்துக் கட்டினார்கள். சுவரில் பெரும்பகுதி முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். அந்தக் கல்லின் பொள்ளல்களும் பூவிதழ் போன்ற கோடுகளும் சாய்ந்த வெயிலில்தான் எழும்பித் தெரியும், நேர்வெயிலில் வெறும் சாம்பல் நிறம். உள்ளே 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்தின் இடிபாடு கிடக்கிறது. 1990இன் போரில் போனது. கோட்டை மூடும் நேரமும் சூரியன் மறையும் நேரமும் நெருங்கி வருவதால் வாசலில் கேட்டுவிட்டு ஏறுங்கள். கொத்தளத்தின் மேல் பல இடங்களில் கைப்பிடி இல்லை. கமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னுக்கு நடப்பதுதான் அங்கே ஆபத்து. முதலில் நிற்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்து, பிறகு கமராவைத் தூக்குங்கள். கோட்டை மூடிய பிறகும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் பண்ணைப் பாலத்துக்குப் போங்கள். மீன்பிடிக்கும் சிறகுவலைக் கம்புகளும் ஒற்றைத் தோணியும் கடைசி ஒளியில் அருமையாக வரும்.

ஞாயிறு வடமராட்சி. ஆட்டோவை அரை நாளுக்குப் பேசி, காத்திருக்கும் நேரமும் அந்தக் காசுக்குள் அடங்குமா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். காலை 4.45க்குப் புறப்பட்டால் மணற்காட்டில் சூரியன் எழும்பக் காணலாம். மணற்குன்றுகளில் காற்று வரைந்த வரிகள் ஏழரை வரைதான் தெரியும். மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயில் இடிபாடும் அங்கேதான் இருக்கிறது. பிறகு வல்லிபுர ஆழ்வார், பருத்தித்துறைத் தெருமூடிமடம், சக்கோட்டை முனை, கரையோர வீதியால் வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. நண்பகலுக்குள் நகரம் திரும்பலாம். தெருமூடிமடத்தைத் தவறவிடாதீர்கள். வீதியை மூடிக் கூரை போட்டு, இருபுறமும் வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை வைத்த மடம் அது. கூரைக்குள் நின்று வெளியே பார்த்தபடி, உள்ளே ஒருவரை இருத்தி எடுங்கள். நடுப்பகலிலும் எடுக்கக்கூடிய சில இடங்களில் அது ஒன்று.

ஞாயிறு மாலையை வெறுமையாக விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சனி மாலை மேகம் மூடிவிட்டால் கோட்டைக்கு இன்னொரு முறை போக அது உதவும். தீவுகளும் கீரிமலையும் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

கேள்வி: நல்லூரில் கமரா கொண்டு போகலாமா? திருவிழாவுக்கே வந்தால் என்ன?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, போனிலும் இல்லை. ஆண்கள் மேலாடையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் சேலையோ பாவாடை தாவணியோ உடுத்தினால் யாரும் ஒன்றும் சொல்லார்கள். நல்லூரில் பூசை நேரம் ஒரு நிமிடமும் பிசகாது, ஆகவே பூசை பார்க்க விரும்பினால் பத்து நிமிடம் முன்னரே உள்ளே நில்லுங்கள். கமராவை ஒருவர் வெளியே வைத்திருக்க, மற்றவர் கும்பிட்டு வருவது எளிய வழி.

வெளியே எடுக்கும்போது இரண்டு விஷயம் பிழைக்கும். ஒன்று, கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுப்பது. கோபுரம் பின்னுக்குச் சரிந்ததுபோல வரும். வீதியின் மறுபக்கம் வரை பின்வாங்கி, கமராவைச் சாய்க்காமல் நேரே பிடித்து, 35 தொடக்கம் 55 மி.மீ. வரை வைத்து எடுங்கள். தரை அதிகம் வந்தால் பிறகு வெட்டலாம். மற்றது நிறம். பொன் மஞ்சள் கோபுரத்தில் காலை வெயில் பட்டால் சிவப்பு நிறம் முதலில் எல்லை தாண்டும். சாதாரண ஹிஸ்டோகிராமில் (கமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில்) அது தெரியாது. நிறம் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், அல்லது எக்ஸ்போசரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, –0.7 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மதிலின் சிவப்பு வெள்ளைக் கோடுகள் பின்னணியாகப் பிரமாதமாக அமையும்.

திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும், வெளிவீதியில் செருப்போடு நடக்க முடியாது. செருப்பைப் போடுவதற்கு ஒரு பையைக் கொண்டு போங்கள். தேரன்று சிதறு தேங்காய் அடிப்பார்கள். அந்தத் தண்ணீர் லென்ஸில் பட்டுக் காய்ந்தால் பசை போல ஒட்டிக்கொள்ளும். முன்னால் ஒரு காப்பு வடிகட்டி (ஃபில்டர்) போட்டுக்கொண்டு, ஈரத்துணி ஒன்று பொக்கற்றில் வைத்திருங்கள். நெரிசலில் லென்ஸ் மாற்ற முயலாதீர்கள். அங்கப்பிரதட்சணம் செய்வோரையும் காவடி எடுப்போரையும் முகத்துக்கு நேரே நெருங்கி எடுக்க வேண்டாம். அவர்கள் நேர்த்திக்கடன் தீர்க்கிறார்கள், நமக்காக நிற்கவில்லை. பத்தடி தள்ளி நின்றால் வழியும் மறிக்காது, படமும் உண்மையாக இருக்கும்.

முதல் முறை வரும் இருவருக்கு நாங்கள் திருவிழாக் காலத்தைச் சொல்லமாட்டோம். அறை கிடைப்பது கடினம், நகரத்தின் மற்ற இடங்களைப் பார்க்கப் பொழுதும் இராது. கோயிலுக்காகவே வருவதானால் அதைவிட நல்ல காலம் வேறில்லை.

கேள்வி: நூலகத்தைப் படம் எடுத்தால் வெள்ளைக் கட்டடம் சாம்பலாக, சில வேளை நீலமாக வருகிறது. ஏன்?
– வாசகர், வவுனியா

பதில்: கமரா தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே வெளிச்சத்தை அளக்கிறது. படச்சட்டம் முழுக்க வெள்ளைச் சுவர் நிற்கும்போது "வெளிச்சம் கூடிப்போயிற்று" என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போசரை +0.7 தொடக்கம் +1 வரை கூட்டுங்கள். போனில் சுவரைத் தொட்டுப் பிடித்து, தோன்றும் சூரியக் குறியை மேலே இழுங்கள். நீலம் வருவது நிழற்பக்கத்தில். அங்கே விழுவது வானத்தின் ஒளி. வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் 'நிழல்' என்பதில் வைத்தால் சரியாகும்.

உள்ளே வருகையாளருக்கென ஒதுக்கிய நேரத்தில்தான் பார்க்கலாம். படம் எடுக்கலாமா என்று வரவேற்பில் கேளுங்கள். படித்துக்கொண்டிருப்பவர்களை எடுக்க வேண்டாம். 1959இல் திறந்த இந்தக் கட்டடம் 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிந்தது. மீளக் கட்டி 2003இல் திறந்தார்கள். வாசலில் வீணையோடு இருக்கும் சரசுவதிக்கு முன்னால் விளையாட்டாக நின்று படம் எடுப்போரைப் பார்த்தால் ஊரவர் மனம் நோகும். சும்மா நில்லுங்கள், அதுவே அழகு.

கேள்வி: யாரிடமும் போனைக் கொடுக்காமல் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தை நாங்களே எடுப்பது எப்படி? எப்போதும் பின்னால் உள்ள மரம்தான் தெளிவாக இருக்கிறது.
– வாசகர், வத்தளை

பதில்: மரம் தெளிவாவதற்குக் காரணம், இரண்டு தலைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கமராவின் குவியப்புள்ளி (ஃபோகஸ்) விழுவது. அது உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. இப்படிச் செய்து பாருங்கள். கமராவை முக்காலியில் மார்பு உயரத்தில் வையுங்கள். தலை உயரத்துக்கு மேலே வைத்தால் கால்கள் குறுகித் தெரியும். ஒருவர் நிற்கும் இடத்துக்குப் போய் நிற்க, மற்றவர் அவர் முகத்தில் குவியம் பிடித்து, உடனே லென்ஸைக் கைமுறைக்கு மாற்றிவிட வேண்டும். அதன்பின் கமரா தேடாது. நிற்கும் இடத்தில் செருப்பையோ ஒரு கல்லையோ அடையாளம் வைத்து, இருவரும் அந்தக் கோட்டிலேயே நில்லுங்கள். ஒருவர் அரையடி முன்னால் வந்தாலும் தாங்கும்படி லென்ஸின் துவாரம் எஃப் 5.6 அல்லது 8, வேகம் 1/250 செக்கன். டைமர் 10 செக்கன், தொடர்ச்சியாக ஐந்து படம். முதல் படத்தில் ஓடி வந்த மூச்சு தெரியும், மூன்றாவதும் நான்காவதும்தான் தேறும். அவசரப்படாமல் நடந்து போங்கள்.

போனில் சிறிய புளூடூத் பொத்தான் ஒன்று போதும். அகலக் கோணத்தில், அதாவது 0.5இல், ஓரத்தில் நிற்பவரின் முகமும் கையும் இழுபடும். 1 அல்லது 2இல் வைத்துப் போனைத் தள்ளி வையுங்கள்.

கோட்டைக் கொத்தளத்திலும் கடற்கரையிலும் காற்று முக்காலியைச் சாய்த்துவிடும். நடுத்தண்டில் பையைக் கொழுவுங்கள். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், ஊஞ்சலாடினால் அதுவே அசைக்கும். முக்காலி இல்லாதவர்கள் ஒரு கிலோ பயறு போட்ட துணிப்பையை மதிலில் வைத்து அதன் மேல் கமராவை இருத்தலாம்.

உடுப்பைப் பற்றியும் யோசியுங்கள். முருகைக்கல் சுவருக்கு மஞ்சளும் சிவப்பும் எடுபடும். நூலகத்தின் முன்னால் முழு வெள்ளை கரைந்துவிடும். வேப்ப மரத்தடியில் இலையூடே வரும் பச்சை ஒளி முகத்தில் ஏறும், ஆகவே நிழலின் விளிம்புக்கு வந்து வெளியைப் பார்த்து நில்லுங்கள்.

கேள்வி: அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் புகைமூட்டமாகிவிடுகிறது. பழுதா?
– வாசகர், நுவரெலியா

பதில்: பழுதில்லை. ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் வெளி ஈரக்காற்று பட்டு நீர் படிகிறது. துடைத்தால் திரும்பப் படியும். புறப்பட அரை மணித்தியாலம் முன்னர் கமராவை மூடிய பையோடு வெளித் திண்ணையில் வைத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் வைப்பதுதான் முக்கியம்.

கேள்வி: எங்களுக்கு மூன்று நாள் இருக்கிறது. நெடுந்தீவா, நயினாதீவா? உப்புக் காற்றில் கமராவுக்கு ஏதும் ஆகுமா?
– தம்பதியர், கொழும்பு

பதில்: படத்துக்கென்றால் நெடுந்தீவு. கும்பிடுவதற்கென்றால் நயினாதீவு. இரண்டுக்கும் குறிகட்டுவானில்தான் படகு. யாழ்ப்பாணத்திலிருந்து 776 இலக்க பஸ் வேலணை, புங்குடுதீவு ஊடாகப் போகும். ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம். நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் அளவில் படகுப் பயணம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம், படகுகளும் குறைவு. காலையில் போனால் பிற்பகல் படகில் திரும்ப வேண்டும், அதைத் தவறவிட்டால் அன்றிரவு அங்கேதான். இறங்கியவுடன் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்கு நெடுந்தீவை வைக்கவே வேண்டாம். காற்று எழும்பிப் படகு நின்றால் ஊர் திரும்பும் பஸ்ஸும் போய்விடும். மாசி தொடங்கிச் சித்திரை வரை கடல் அமைதி. வைகாசிக்குப் பின் சோளகக் காற்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலம். வயிறு புரட்டுபவர்கள் அரை மணித்தியாலம் முன்னர் மாத்திரை எடுத்து, படகின் நடுவில் இருந்து, தொடுவானத்தைப் பார்த்தபடி வாருங்கள். வெறும் வயிறும் கூடாது.

நெடுந்தீவில் நிழல் குறைவு, கடையும் குறைவு. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி. ஆட்டோ பேசி ஏறியவுடன் மதியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், சில வேளை முன்னரே சொல்லி வைத்தால்தான் சமைப்பார்கள். சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள்தான் இந்தத் தீவின் முகம். அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுத்தால் சரிந்து விழும், பிறகு அந்த வளவுக்காரர்தான் திரும்ப அடுக்க வேண்டும். குதிரைகள் வெட்டைகளில் மேயும், வெயில் காலத்தில் தண்ணீர் உள்ள இடங்களில் காணலாம். இருபது மீற்றர் தள்ளி நின்று 150–200 மி.மீ. லென்ஸில் எடுங்கள். பின்பக்கமாக நெருங்குவதும் பிஸ்கட் நீட்டுவதும் கூடாது. பெருக்க மரத்தின் (பாவோபாப்) பருமன் காட்ட வேண்டுமானால் ஒருவர் அடியோடு ஒட்டி நிற்கட்டும். அதன் பொந்துக்குள் நிற்பவரை எடுக்கும்போது முகத்துக்கு வெளிச்சம் அளந்தால் வெளியே வெளுக்கும். பொந்தின் வாசலுக்கு அழைத்துவிடுங்கள்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் இருக்கின்றன. போயா நாட்களில் படகுத்துறையில் நெரிசல் கூடும். விகாரையில் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். இந்நாட்டில் அது பெரிய அவமதிப்பாகக் கொள்ளப்படும்.

உப்பைப் பற்றி: படகில் லென்ஸ் மாற்ற வேண்டாம். தூவானம் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்பு மணிகள் கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணி. அன்றிரவே கமரா உடலையும் முக்காலிக் கால்களையும் அப்படியே துடையுங்கள். கடற்படை நிற்கும் இறங்குதுறைகளைப் படம் எடுக்க வேண்டாம்.

கேள்வி: பூநாரைகளை எப்போது பார்க்கலாம்? ட்ரோன் கொண்டு வரலாமா?
– வாசகர், திருகோணமலை

பதில்: மாரி மழைக்குப் பிறகு பங்குனி வரை, களப்புத் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்து இடம் மாறும். மண்டைதீவு, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் பக்கங்களில் விசாரியுங்கள். மீன்பிடிக்கிறவர்களுக்குத்தான் அன்றைய இடம் சரியாகத் தெரியும். 300 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் புள்ளிகளாகத்தான் வரும். காலை 8 மணிக்குள் சூரியனை முதுகில் வைத்து எடுங்கள். ஒன்பதரைக்குப் பிறகு தரைச்சூடு எழும்பிப் படம் நெளியும், அது குவியப் பிழையல்ல. தலைகள் எல்லாம் ஒரேயடியாக நிமிர்ந்தால் நீங்கள் மிஞ்சி நெருங்கிவிட்டீர்கள், அப்படியே நில்லுங்கள். களப்புச் சேறு முழங்கால் வரை இழுக்கும். மண்டையோட்டுக் குறியோடு மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் ஒரு அடியும் வீதியை விட்டு இறங்க வேண்டாம்.

ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கணவர் ஓரிடத்தில் கமராவோடு நின்றால் முக்கால் மணித்தியாலம் அசையமாட்டார். எனக்குக் கமராவில் ஆர்வமில்லை. இந்தப் பயணத்தை எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, மன்னார்

பதில்: விடியற்காலையை அவருக்கு விட்டுவிடுங்கள், அவர் தனியே போய் 8 மணிக்குத் திரும்பி வரட்டும், காலைச் சாப்பாடு இருவரும் சேர்ந்து. பகல் உங்களுடையது. திருநெல்வேலிச் சந்தையில் ஒரு சுற்று, நல்லூரடியில் ஐஸ்கிரீம், நகரக் கடைகள்; அந்த நேரம் கமரா அறையிலேயே இருக்க வேண்டும். மாலையில் சேர்ந்து போங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை நிமிடம் என்று இறங்கும்போதே பேசி முடிவு செய்தால் காத்திருப்பவருக்குக் கோபம் வராது. இருபது நிமிடம் நியாயமானது. வெயிலில் அவரைக் காத்துக்கொண்டு நிற்காமல், பேசி வைத்த நேரம் வரை நிழல் தேடி உட்காருங்கள்.

கேள்வி: திரும்பும்போது என்ன வாங்கலாம்? பஸ்ஸில் பழுதாகாமல் போக வேண்டும்.
– வாசகி, பதுளை

பதில்: பனங்கட்டிக் குட்டான், புழுக்கொடியல், எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை, வறுத்து இடித்த மிளகாய்த்தூள். பனங்கட்டி ஈரக்காற்றில் கசிந்துவிடும். மலைநாட்டுக்குக் கொண்டு போவதானால் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். பருத்தித்துறை வடை பையின் மேலே இருக்கட்டும், அடியில் வைத்தால் தூளாகும். மிளகாய்த்தூளை இரட்டைப் பையில் கட்டி உடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், வாசம் ஏறினால் ஒரு தோய்ப்பில் போகாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமாக இருந்தால் காம்போடு முற்றிய காயாகக் கேட்டு வாங்கி, கடதாசியில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாளில் பழுக்கும்.